புல்தரைக்கு தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? கொஞ்சம் நிறுத்துங்கள்!

வீட்டு முன்புறம் பத்துக்குப் பத்து அடி இடம் கிடைத்தாலும் போதும், கொரியன் புல்லோ, பெர்முடா புல்லோ பதித்துவிடுகிறோம். காலையும் மாலையும் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஐந்து நிமிடம் தண்ணீரும் தெளிக்கிறோம். ஆனாலும், மே மாதம் வந்தால் புல் மஞ்சளாகிவிடுகிறது. 'தண்ணீர் போதவில்லை போல' என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். பல வீடுகளில் கோளாறு அளவில் இல்லை, ஊற்றும் விதத்தில்தான்!

ஏன் தினமும் வேண்டாம்?

தினமும் லேசாகத் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே நின்றுவிடும். மோட்டார் இரண்டு நாள் பழுதானால் புல் வாடிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் நனையும்படி ஊற்றினால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். புதிதாகப் பதித்த புல்லுக்கு மட்டும், வேர் பிடிக்கும்வரை தினமும் ஈரம் தேவை.

எவ்வளவு ஊற்றலாம்?

மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பொதுக் கணக்கு. 100 சதுர அடிக்கு இது சுமார் 235 லிட்டர். உங்கள் பைப்பில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்றால், ஒரு முறைக்கு எட்டு நிமிடம் போதும். ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள், புல்தரையில் நாலைந்து காலி டப்பாக்களை வைத்து, 15 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நிறைகிறது என்று ஸ்கேலால் அளந்துகொள்ளலாம்.

களிமண்ணாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்காது, வழிந்தோடும். பாதி ஊற்றி, அரைமணி நேரம் விட்டு மீதியை ஊற்றுங்கள். மணல் பாங்கான மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதற்கு அதே அளவை மூன்று முறையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

எப்போது?

விடியற்காலையிலிருந்து எட்டு மணிக்குள் சிறந்த நேரம். உச்சிவெயிலில் ஊற்றினால் ஆவியாகி வீணாகும். இரவில் ஊற்றினால் இலை விடிய விடிய ஈரமாகவே இருந்து, பூஞ்சை நோய்க்கு வழிவிடும்.

தாகத்தை எப்படி அறிவது?

புல்லின் மீது நடந்து பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் வேண்டாம். கால்தடம் அப்படியே பதிந்திருந்தால், நிறமும் நீலச்சாம்பலாக மங்கியிருந்தால், தாகம் என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பதும் எளிய வழி. சுலபமாக இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஆர்.ஓ. கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பு மண்ணில் சேர்ந்துவிடும். வாஷிங் மெஷின் சோப்பு நீருக்கும் இதேதான். காய்கறி, அரிசி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். 500 சதுர அடி புல்தரை வாரத்துக்குக் கேட்பது ஏறக்குறைய 1,200 லிட்டர். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் நிலை வந்தால், புல்லுக்கு ஊற்றுவதைத் தயங்காமல் குறைத்துவிடுங்கள். பெர்முடா நம் அருகம்புல்லின் இனம்தான். மேலே காய்ந்து பழுப்பானாலும், வேரில் உயிரை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நாலு மழை பெய்தால் தானாகவே துளிர்த்துவிடும்!