கேரண்டி அட்டை எலும்புக்கு இல்லை

பல் இம்ப்ளாண்ட் (பல்வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கும் ஸ்க்ரூ) வைப்பதென்று முடிவான வீடுகளில் மூன்று கேள்விகள்தான் புழங்குகின்றன. எந்த கம்பெனி? எவ்வளவு ஆகும்? எத்தனை வருஷம் கேரண்டி? ஸ்விட்சர்லாந்து ஸ்க்ரூ என்றால் உசத்தி, கொரியா ஸ்க்ரூ என்றால் கட்டுப்படியாகும், ‘லைஃப்டைம் கேரண்டி’ அட்டை கைக்கு வந்துவிட்டால் நிம்மதி. தாடையைத் திறந்து அதை வைக்கப்போவது யார் என்று விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நல்ல கம்பெனி ஸ்க்ரூ வாங்கினால் நல்ல பல் வந்துவிடும் என்கிற இந்த நம்பிக்கையைப் போல நோயாளிக்குக் கெடுதல் செய்வது வேறொன்றும் இல்லை.

முதலில் அந்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். டைட்டானியம் ஸ்க்ரூ உடைவது மிக அரிது. தோற்பது அதைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறும். தோற்றுவிட்டால் கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு ஸ்க்ரூ. கரைந்த எலும்பை அது திருப்பித் தராது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளையிடும் கருவி அதைத் தொட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சிலருக்கு உணர்வு திரும்புவதே இல்லை. காபி உதட்டோரம் வழிவதுகூடத் தெரியாமல் வாழ்கிறவருக்கு அந்த அட்டையில் என்ன பதில் இருக்கிறது?

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். எலும்பில் துளையிடும்போது சூடு கிளம்பும். ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸ் சூடு நீடித்தாலே எலும்பு கெட்டுப்போகும் என்று 1983-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல்களிடம் சோதித்துக் காட்டினார்கள். அதனால்தான் குளிர்ந்த சலைன் பாய்ச்சியபடி, கூர் மழுங்காத கருவியால், அவசரப்படாமல் துளைக்க வேண்டும். நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். மேல்தாடையின் பின்பக்கம் என்றால் சைனஸ் அறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முப்பரிமாண ஸ்கேனில் அளந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ சற்றே சாய்ந்து இறங்கிவிட்டால் மேலே மாட்டும் பல் ஈறை அமுக்கும், பிரஷ் எட்டாத இடுக்கு உண்டாகும், அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும், எலும்பு கரையத் தொடங்கும். இதில் கம்பெனி செய்வதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் திட்டமிட்டவரின் அறிவும் துளையிட்டவரின் கையும்தான்.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் இதையே சொல்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானியம் பல்வேர்களைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர் லார்சன். 2006-இல் அவர் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. நாற்பது வருஷம்! அப்போது கம்பெனியும் கிடையாது, கேரண்டியும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்துக் கண்டுபிடிப்பு விற்பனைச் சரக்காக மாறியது 1970-களின் கடைசியில்தான் (அதற்கு முன்வந்தது, பீரங்கியால் நமக்குப் பெயர் தெரிந்த அதே போஃபர்ஸ்). அதற்கு வெகு முன்பிருந்தே பிரோனமார்க்கின் குழு ஈறை மூடித் தைத்து, எலும்பு டைட்டானியத்தோடு பிணையும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, நோயாளிகளைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்து, 1981-இல் கணக்கை வெளியிட்டது. லார்சனுக்குக் கிடைத்தது அந்தப் பொறுமை.

‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்று சுவரெங்கும் விளம்பரம் பார்க்கிறோம். எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் உடனே பல் மாட்டுவது சிலருக்குச் சாத்தியம்தான். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதை உங்கள் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும், விளம்பரப் பலகை சொல்லக் கூடாது.

யாரிடம் போவது? நம் நாட்டில் பல் மருத்துவத்தில் ஒன்பது எம்.டி.எஸ். பிரிவுகள் உண்டு, இம்ப்ளாண்ட் அவற்றில் தனிப் பிரிவு அல்ல. ‘இம்ப்ளாண்டாலஜிஸ்ட்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பல வருஷப் பயிற்சியும் இருக்கலாம், வார இறுதிப் பயிற்சி வகுப்பும் இருக்கலாம். தாடை அறுவை, ஈறு மருத்துவம், செயற்கைப் பல் பொருத்துதல் ஆகிய மூன்றில் எம்.டி.எஸ். முடித்தவர்கள் இந்த வேலைக்கு நெருக்கமான படிப்பைப் படித்தவர்கள். நீண்ட அனுபவம் உள்ள பி.டி.எஸ். டாக்டர் புதிதாகப் பட்டம் வாங்கிய எம்.டி.எஸ்.ஸைவிடத் திறமையாக வைப்பதும் உண்டு. ஆகவே பட்டத்தோடு நிறுத்தாமல், எங்கே பயின்றீர்கள், என்னைப் போன்ற கேஸ் எத்தனை செய்திருக்கிறீர்கள், தோற்றுப்போனவற்றை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். இதுவரை ஒன்றுகூடத் தோற்றதில்லை என்பவரிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல கிளினிக்குகளில் ஸ்க்ரூ வைப்பவர் அங்கே இருப்பவரே அல்ல. வெளியிலிருந்து வரும் விசிட்டிங் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை வந்து வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார். மேல் பல்லை மாட்டுவது கிளினிக் டாக்டர். இந்த ஏற்பாட்டிலேயே தப்பில்லை. அறுவையைத் தேர்ந்தவர் செய்வது நல்லதுதான். ஆனால் முகமூடி போட்ட முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிற நோயாளி, ஆறு மாதம் கழித்துச் சீழ் வடியும்போது யாரிடம் போவார்? அவர் வைத்தது சரியில்லை என்று இவரும், இவர் மாட்டியது சரியில்லை என்று அவரும் சொல்லும்போது நடுவில் நிற்பது நோயாளிதான். அறுவைக்கு முன்பே ஸ்க்ரூ வைப்பவரைச் சந்தித்துப் பேச வேண்டும், அவர் பெயரையும் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

நல்ல டாக்டரை அவர் கேட்கும் கேள்விகளில் கண்டுகொள்ளலாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்ன, புகைப்பழக்கம் உண்டா, ஈறு நோய் இருந்ததா என்று விசாரிப்பார். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பைக் காக்கும் ஊசி போட்டீர்களா என்று கட்டாயம் கேட்பார். சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகள் எடுத்தவர்களுக்குத் தாடையெலும்பு அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ரூட் கெனால் செய்து காப்பாற்றக்கூடிய பல் என்றால் பிடுங்க மறுப்பார்.

கம்பெனி முக்கியமே இல்லையா என்றால், ஒரு காரியத்துக்கு முக்கியம். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் உள்ளே ஒரு திருகு தளர்ந்தால், அதே மாடலுக்கான உதிரிபாகம் கிடைக்க வேண்டும். நிலைபெற்ற கம்பெனியின் ஸ்க்ரூ உறையில் மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், அதன் பக்கத்தில், ஸ்க்ரூ வைத்தவரின் பெயரையும் தேதியையும் அவர் கைப்படவே எழுதி வாங்குங்கள்.