எந்தத் தாள் நிலைக்கும்?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா? கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு, முன்னோரின் முகத்தைக் காட்ட அப்படி ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கும். அது 1960க்கு முன் எடுத்ததென்றால், பெரும்பாலும் ஃபைபர் தாளில் அச்சிட்டதாகவே இருக்கும்.

இன்று இருட்டறையில் படம் அச்சிடப் பழகுவோர் இருவகைத் தாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபைபர் தாளில் காகிதத்தின் மேல் பேரியம் சல்ஃபேட் பூச்சும், அதன் மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினும் இருக்கும். சல்ஃபேட் அயனியைச் சோதிக்கும்போது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்க்கும் வெள்ளை வீழ்படிவுதான் இந்தப் பேரியம் சல்ஃபேட். 1970களில் பரவலான ஆர்.சி. தாளிலோ காகிதத்தின் இரு பக்கமும் பாலித்தீன் பூசியிருக்கும்.

"ஃபைபர்தான் நீடிக்கும்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இது பாதி உண்மை என்பதே என் கருத்து. தொடக்கக் கால ஆர்.சி. படங்கள் சில, வெளிச்சத்தில் மாட்டி வைத்தபோது வெடிப்பு விட்டது உண்மைதான். ஆனால், தாளைவிடக் கழுவுதல் முக்கியம்.

ஒளி படாத வெள்ளி உப்பை நீக்க ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், பயன்படுகிறது. வேலை முடிந்ததும் அதுவும் வெளியேற வேண்டும். தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகும். படம் மஞ்சளாகிப் பழுப்பேறி மங்கும். நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் இந்த வினையை விரைவுபடுத்தும்.

ஆர்.சி. தாளில் பாலித்தீன் தடுப்பதால் ஹைப்போ காகிதத்துக்குள் இறங்காது. ஓடும் நீரில் 2 நிமிடம் கழுவினால் போதும் என்கிறது இல்ஃபோர்ட் நிறுவனம். ஃபைபர் தாளில் நார்களுக்குள் ஹைப்போ ஊறிவிடுவதால், சாதாரணமாகக் கழுவ 60 நிமிடம் தேவை. அவசரப்பட்டு 10 நிமிடத்தில் எடுத்த ஃபைபர் படத்தைவிட, முறையாகக் கழுவிய ஆர்.சி. படமே மேல்.

ஆகவே, பழகுவதற்கு ஆர்.சி. தாளை வாங்குங்கள். நீர் மிச்சம், படமும் சுருளாமல் விரைவில் உலரும். பேரப்பிள்ளைகள் காண வேண்டிய பாட்டியின் படத்துக்கு ஃபைபர் தாளை எடுங்கள். கழுவியபின், ஆசிரியர் துணையோடு, ஈரமான வெள்ளை ஓரத்தில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுங்கள். கரும்பழுப்புக் கறை தோன்றினால் ஹைப்போ இன்னும் போகவில்லை. மறுபடியும் குழாயைத் திறங்கள்.