பிளவக்கல் மலையடிவாரத்தில் நடைபயணிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒழுங்கான வழி வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டார மலைநடை மற்றும் சைக்கிள் ஆர்வலர் சங்கத்தின் நிர்வாகிகளும் உறுப்பினர்களும்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.
துணை இயக்குநர் அவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.
செயற்பொறியாளர் அவர்கள், நீர்வளத் துறை, விருதுநகர்.
மாவட்ட சுற்றுலா அலுவலர் அவர்கள், விருதுநகர்.

பொருள்: பிளவக்கல் அணைப் பகுதியில் முறைப்படுத்திய மலைநடைத் தடம், மலையடிவாரச் சாலைகளில் சைக்கிள் வழி, பளியர் மக்களுக்கு வழிகாட்டி வேலை, மீட்பு வசதி ஆகியவை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,



2025 ஜூன் மாதம் பிளவக்கல் அணைக்குப் பக்கத்திலுள்ள கூமாபட்டியைப் பற்றிய ஒரு காணொளி கைப்பேசிகளில் பரவியதும் என்ன நடந்தது என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வெளி மாவட்டங்களிலிருந்து கார்களிலும் வேன்களிலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பிளவக்கல் அணைக்குள் போக முடியாது என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். அணையின் பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட தடையில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சில வாரங்கள் ஓர் உண்மையை வெளிச்சம் போட்டுக் காட்டின. இந்த மலையைப் பார்க்க மக்கள் வரத்தான் போகிறார்கள். அவர்கள் எப்படி வரவேண்டும், எதுவரை போகலாம், யார் கூட்டிப் போவது, அதில் உள்ளூர்க்காரருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றுக்கு இன்றுவரை இங்கே ஓர் ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டைக் கேட்டுத்தான் இந்த மனுவை அளிக்கிறோம்.

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு ஆகிய இரண்டு அணைகளும் வத்திராயிருப்பு வட்டாரத்தின் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் உயிர். அவற்றுக்குப் பின்னால் எழும் மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமானது. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காப்பகத்தில் யானையும் புலியும் வரையாடும் சிங்கவால் குரங்கும் வாழ்கின்றன. காட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் நாங்கள் அல்லர். இந்தக் காடு கெட்டால் முதலில் வறளப்போவது எங்கள் கண்மாய்தான்.

மலைநடை என்றவுடன் அதிகாரிகளின் நினைவுக்கு வருவது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அங்கே பற்றிய காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயதுடையவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்து, தடங்களை எளிது, மிதம், கடினம் என்று மூன்றாகப் பிரித்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களை வனத்துறையே இணையவழிப் பதிவோடு நடத்தும் திட்டமும் தொடங்கியது. ஆக, சட்டமும் இருக்கிறது, நடைமுறையும் இருக்கிறது. பிளவக்கல்லில் தொடங்கி, காப்பகத்தின் வெளிமண்டலத்துக்குள்ளேயே சென்று, அன்றைக்கே திரும்பிவிடும் ஒரு தடத்தை அத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. எந்த ஓடைவரை, எத்தனை பேர் என்பதை வனத்துறை முடிவு செய்யட்டும். தீக்காலத்தில் தடத்தை முழுதாக மூடிவிட வேண்டும். வானிலை மையம் கனமழை எச்சரிக்கை கொடுத்த நாளில் ஒருவரைக்கூட உள்ளே விடக்கூடாது. 2015 மே மாதம் சதுரகிரி மலைக்கோயில் பாதையில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது.

கூட்டிப் போகும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. அத்திகோயில், ஜெயந்தி நகர், தாணிப்பாறை, செண்பகத்தோப்பு, அய்யனார்கோயில் குடியிருப்புகளில் வாழும் பளியர் பழங்குடி மக்களுக்கே அந்த வேலை போக வேண்டும். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதைச் சாணத்தையும் முறிந்த கிளையையும் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தேனும் கிழங்கும் காட்டுப் பொருள்களும் மட்டுமே பிழைப்பாக இருந்தவர்களுக்கு, புலிகள் காப்பகம் வந்தபின் நெருக்கடி கூடியிருக்கிறது. மலைத்தொடரின் மறுபுறம் தேக்கடியில் என்ன செய்தார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்களை, 1990களின் இறுதியில் கேரள வனத்துறை அழைத்துப் பேசி, குழுவாகச் சேர்த்து, வழிகாட்டிகளாக மாற்றியது. இன்று அவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார்கள், ரோந்தும் போகிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகமும் நம் காப்பகமும் ஒரே காட்டின் தொடர்ச்சிதான். அங்கே கைகூடியது இங்கேயும் கைகூடும். பயிற்சி, சீருடை, காப்பீடு, தடத்தின் கட்டண வருவாயில் எழுத்துப்பூர்வமான ஒரு பங்கு ஆகியவை வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறபடி அந்தக் குடியிருப்புகளின் கிராம சபையைக் கேட்ட பிறகே தடத்தை இறுதி செய்ய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் எங்களுக்கும் தடம் வேண்டாம்.

அடுத்து, மலையைக் கடக்கும் பழைய வழிகளைப் பற்றி. சதுரகிரிக்கு விருதுநகர் மாவட்டத்துத் தாணிப்பாறையிலிருந்தும், மதுரை மாவட்டத்துச் சாப்டூர் வாழைத்தோப்பிலிருந்தும், தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையிலிருந்தும் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி வந்திருக்கிறார்கள். மூன்று மாவட்டங்கள் ஒரே உச்சியில் சந்திக்கும் கணவாய் வழிகள் இவை. ஆடி அமாவாசைக்குத் திரண்ட கூட்டத்தின் கால்களே இவற்றைப் பாதைகளாக வைத்திருந்தன. இப்போது இவற்றில் சில தூர்ந்தும் மறந்தும் வருகின்றன. எந்தப் பாறையில் எந்தச் சுனை, எங்கே நிழல், எங்கே சரிவு என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஜப்பானில் கீ மலைப்பகுதியின் குமானோ யாத்திரைத் தடங்களை 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காட்டுக்குள் நடந்து தேய்ந்த வழியையும் கோயிலைப் போலவே காக்க வேண்டிய ஒன்றாக அங்கே மதிக்கிறார்கள். நம் வழிகளில் பெரும்பகுதி அடர்காட்டில் செல்வதால் அவற்றை நடைபயணத்துக்குத் திறக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. மூன்று மாவட்ட வனத்துறையும் வருவாய்த் துறையும் பளியர் பெரியவர்களும் சேர்ந்த ஒரு குழு இவ்வழிகளை நடந்து பார்த்து வரைபடமாக்கட்டும், சுனைகளையும் கல்மண்டபங்களையும் பதிவு செய்யட்டும். ஆண்டில் சில நாள்களாவது, மிகச் சிறிய குழுக்களை விடமுடியுமா முடியாதா என்பதை அந்தக் குழு காரணத்தோடு சொல்லட்டும். முடியாது என்றால் ஏற்றுக்கொள்வோம்.

இந்த இடத்தில், அமைக்கக் கோரப்படும் காமராஜபுரம் – கிழவன்கோவில் மலைச்சாலை பற்றியும் எங்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும். வருசநாட்டு விவசாயிகள் வத்திராயிருப்புக்கு வர ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்ற வேண்டியிருக்கிறது. அவர்களுடைய சிரமம் உண்மையானது. அதைத் தீர்ப்பதா, எப்படித் தீர்ப்பது என்பதை அரசு அதற்குரிய முறையில் ஆராயட்டும். ஆனால் சுற்றுலாவைக் காரணம் காட்டி அந்தச் சாலையைக் கேட்பதை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. காரில் அரை மணி நேரத்தில் மலையைத் தாண்டுபவரால் இந்த ஊர்களுக்கு மிஞ்சுவது காலி பாட்டில்கள்தான். நடந்து வருபவரும் சைக்கிளில் வருபவரும் இங்கே சாப்பிடுவார்கள், தங்குவார்கள், பால்கோவாவும் மாம்பழமும் வாங்கிப் போவார்கள்.

சைக்கிளைப் பற்றிய கோரிக்கைக்குக் காட்டுக்குள் ஓர் அடிகூடத் தேவையில்லை. இருக்கிற தார்ச்சாலைகளே போதும். அய்யனார்கோயிலில் தொடங்கி ராஜபாளையம், மம்சாபுரம், செண்பகத்தோப்பு விலக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, கூமாபட்டி வழியாகப் பிளவக்கல் வரை மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகும் இந்த வழிக்கு இணையான சைக்கிள் வழி தென் தமிழகத்தில் அரிது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நெல்வயலும் கண்மாய்க் கரையுமாக மாறி மாறி வரும். ஆனால் திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. ஆகவே நெடுஞ்சாலையைத் தவிர்க்கும் ஊர்ச்சாலைகளை இணைத்து ஒரு வழியை அறிவிக்க வேண்டும். பெயர்ப்பலகை, வளைவுகளில் வேகத்தடை, ஓரத்தில் கருவேல முள் இல்லாத மண்தடம், பெண்களுக்கான கழிப்பறை ஆகியவை போதும். இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் ஆசையாகக் கருத வேண்டாம். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியரும், தோப்பு வேலைக்குச் செல்வோரும் நாள்தோறும் போவது இதே சாலைகளில்தான். முதல் பயன் அவர்களுக்கு. யானை நடமாடும் அடிவாரப் பகுதிகளில் விடியலிலும் மாலை மயங்கிய பின்னும் சைக்கிள் ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் நாங்களே கேட்கிறோம்.

அணைப் பூங்காவை மேம்படுத்த 10 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டதை நன்றியோடு வரவேற்கிறோம். அந்தப் பணம் முழுவதும் நீரூற்றிலும் சிமெண்ட் சிலைகளிலும் போய்விடக் கூடாது. வாகன நிறுத்தத்தைக் கூமாபட்டிப் பக்கமே வைத்து, அங்கிருந்து அணைக்கு நடந்தோ வாடகைச் சைக்கிளிலோ வரும்படி செய்ய அதில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். சைக்கிள் வாடகை நிலையத்தை மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைக்கலாம். நெகிழிப் பைகளும் மதுபாட்டில்களும் உள்ளே போகாதபடி நுழைவிலேயே சோதனை வேண்டும்.

மீட்பு வசதியில் சமரசம் கூடாது. மலைக்குள் கைப்பேசி எடுக்காது. வழிகாட்டிகளிடம் ஒயர்லெஸ் கருவி, தடத்தின் தொடக்கத்தில் தூக்குப் படுக்கையும் முதலுதவிப் பெட்டியும், வத்திராயிருப்பு அரசு மருத்துவமனையில் எந்நேரமும் பாம்புக்கடி மருந்து ஆகிய மூன்றும் உறுதியான பிறகே முதல் குழுவை மேலே அனுப்ப வேண்டும்.

எங்கள் பங்காக, மாதம் ஒருமுறை சாலையோரக் குப்பை அகற்றவும், புதிதாக வருவோருக்கு விதிகளை எடுத்துச் சொல்லவும், தடத்தை வரையறுக்கும் களப்பணியில் துறையோடு நடக்கவும் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இதற்கு ஊதியம் எதுவும் கேட்கவில்லை.

நான்கு துறைகளும் பளியர் பிரதிநிதிகளும் விவசாயிகளும் எங்கள் சங்கமும் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்தை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வத்திராயிருப்பில் கூட்டுமாறும், இம்மனுவின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பு அல்லது மறுப்பை ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இடம்: வத்திராயிருப்பு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்