ஓடுகிற தண்ணீருக்கும் தோஷம் உண்டு

"ஓடுற தண்ணிக்குத் தோஷமில்லை" என்று சொல்லிச் சொல்லியே ஓர் ஆற்றைச் சாக்கடை ஆக்கிவிட முடியும். விருத்தாசலத்தில் நடப்பது அதுதான். ஊர்ச் சாக்கடை மணிமுக்தாற்றில் விழுகிறது. மாசி மகத்தன்று அதே ஆற்றில் மக்கள் திரளாக முங்கி எழுந்து, முன்னோருக்குத் திதி கொடுக்கிறார்கள். காசியைவிட ஒரு வீசம் உசத்தி என்று பெயர் பெற்ற தலம் இது. அந்தப் பக்தியோடு யாருக்கும் வழக்கில்லை. எதைக் கொட்டினாலும் ஆறு தானே கழுவிக்கொள்ளும் என்கிற நம்பிக்கையோடுதான் வழக்கு.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது சாகாமல் வாழ்கிறது. ஆற்றில் விழும் மலத்தையும் சோற்றுக் கழிவையும் நுண்ணுயிரிகள் தின்று சிதைக்கின்றன. அதற்கு, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்பது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் மட்டுமே. ஒரு லிட்டர் சாக்கடை நீர் கேட்பதோ சுமார் 200 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த ஆற்றில் இந்தத் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அப்படியானால் ஒரு பங்கு சாக்கடைக்குக் குறைந்தது 65 பங்கு தூய நீர் வேண்டும்.

விருத்தாசலத்தின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தால் நாளுக்கு 70 லட்சம் லிட்டர். அத்தனையும் ஆற்றுக்கு வந்தால், அதை நீர்க்க வைக்க நாளுக்கு 45 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். விநாடிக்குக் கிட்டத்தட்ட 185 கன அடி.

மாசி மாதத்தில் அது எங்கே இருக்கிறது?

கல்வராயன் மலையில் பிறக்கும் இந்த ஆறு மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் புரண்டு வரும் வெள்ளம் மாசிக்குள் வடிந்துவிடுகிறது. அப்போதும் சாக்கடை மட்டும் ஒரு நாள்கூட நிற்பதில்லை. பள்ளங்களில் தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்து, கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கிற நீரை "ஓடுகிற தண்ணீர்" என்று எப்படிச் சொல்வது? பார்வைக்குத் தெளிந்த நீரையும் நம்ப முடியாது. காலராவும் டைபாய்டும் பரப்பும் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கங்கை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் ஆங்கிலேய ஆய்வாளர் எர்னஸ்ட் ஹாங்கின் எழுதியதை இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் உண்டு. அவர் கண்டது உண்மை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களின் வேலையாக அது இருக்கலாம் என்று பின்னால் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வைரஸ் ஒவ்வொன்றும் தனக்குரிய சில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். மலத்தையோ, ஆகாயத்தாமரைக்குத் தீனியாகும் சோப்புத்தூள் பாஸ்பேட்டையோ அது தொடாது. அந்தக் கங்கைக்கே 1986-இல் அரசு சுத்திகரிப்புத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

செராமிக் தொழிற்பேட்டை உள்ள விருத்தாசலத்தில் பழியைப் புகைபோக்கி மேல் போடுவது சுலபம். ஆலைக் கழிவைக் கண்காணிக்கத்தான் வேண்டும். அதற்காக வீட்டுக் கழிவறைக் குழாய் யோக்கியமாகிவிடாது. இந்திய நகரங்களில் நாளுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாவதாகவும், அதில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர் மட்டுமே என்றும் மத்திய வாரியத்தின் 2021 அறிக்கை சொல்கிறது.

மணிமுக்தாற்றில் போட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஊரார் போடும் கழிவும் காணாமல் போவதில்லை. கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வழியாகக் கீழூர் வயல்களை நோக்கிப் போகிறது. சாக்கடை வாய்க்கால் ஒவ்வொன்றும் ஆற்றைத் தொடும் முன் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்பட வேண்டும். அதுவரை, மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பாவது நீரைச் சோதித்து, கிருமி எண்ணிக்கையைப் படித்துறையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கும் தாய்க்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.