வாய்திறவா மொடெம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரியின் பழம்பெருமை பேசுதற்கு எம்மினும் மூத்தோர் பலர் உளராதலின், அப்பணியை அவர்களுக்கே விடுத்து, கணினி அறையில் ஒன்பது நாட்கள் எம்மை அலைக்கழித்த சிறியதோர் அட்டையைப் பற்றி எழுதத் துணிந்தோம். அட்டை சிறிதேயாயினும் அதனால் எழுந்த வினா சிறிதன்று. விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரிக்குப் புதிய கணினிகள் வாங்கித்தர முன்வந்துள்ள இவ்வேளையில், அவ்வினாவை மீண்டும் எழுப்புதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

நிகழ்ந்தது 2003 ஆம் ஆண்டில். வெளிநாட்டில் வாழும் அன்பரொருவர் பயன்படுத்திய கணினிகள் ஆறினை அனுப்பியிருந்தார். அவை பணிசெயல் முறைமை எதுவுமின்றி வெறுமையாக வந்தன. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் வின்டோஸின் களவுப் பிரதியைச் சொற்ப பணத்துக்கு இட்டுத்தர முன்வந்தார். காலைப் பிரார்த்தனையிற் களவு தீதென்று கூறிவிட்டுப் பத்து மணிக்கு அதே மாணவரைக் களவுப் பிரதியின் முன் அமர்த்துதல் எமக்கு ஒவ்வாதாயிற்று. எனவே லினக்ஸை இட்டோம். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கி, மறு ஆண்டில் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் பொது உரிமத்தின் கீழ் விடுத்தது அம்முறைமை. ஆறு கணினிகளும் நன்றாகவே இயங்கின. இணையத்தோடு எம்மை இணைக்கவேண்டிய மொடெம் மாத்திரம் வாய் திறக்கவில்லை.

"இலவசமாய் வந்ததன் இலட்சணம் இதுதான்" என ஆசிரியர் சிலர் நகைத்தனர். கடைக்காரரை அழைத்துவரலாமென்ற பேச்சும் எழுந்தது. லினக்ஸ் பழுதோ, மொடெம் பழுதோ என்பதை அறியாமல் முடிவெடுத்தல் முறையன்றென்று கூறித் தவணை கேட்டோம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எம்மோடு சேர்ந்துகொண்டனர்.

முதலிற் கட்டளை அனுப்பிப் பார்த்தோம். 1981 இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் சிமாட்மொடெமுடன் வழக்கிற்கு வந்த ஏ.ரி. கட்டளைகளை மொடெம்கள் யாவும் அறியும், ஏ.ரி. என்றால் 'ஓ.கே.' எனல் வேண்டும். இவ்வட்டை எதுவும் கூறவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. முறையான மொடெமினுள்ளே கட்டளைகளை ஏற்று நடத்தும் பகுதியும், தொலைபேசிக் கம்பியில் வரும் ஒலியை எண்களாகக் கணித்துப் பிரிக்கும் தனிச் சிப்பும் இருக்கும். 1990 களில் உற்பத்தியாளர் சிலர் விலையைக் குறைக்கும் பொருட்டு இவற்றை அகற்றி, அவ்வேலை முழுவதையும் கணினியின் மையச் செயலியின் தலையிற் சுமத்தினர். 'வின்மொடெம்' என்று ஒரு நிறுவனம் தன் சரக்குக்கு இட்ட வணிகப் பெயர் நாளடைவில் அவ்வகை முழுவதற்கும் வழங்கலாயிற்று. மொடெமின் அறிவெல்லாம் இயக்கி எனப்படும் செய்நிரலுக்குள்ளே போயிற்று. அவ்வியக்கியையோ வின்டோஸுக்கு மாத்திரம் எழுதி, அதன் மூலநிரலை எவர்க்கும் காட்டாது மறைத்துவிட்டனர். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியினுள்ளே தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எமது கையில் இருந்தது உயிரற்ற உடலே.

அட்டையின் மேல் அச்சிட்டிருந்த பெயரால் யாதொரு பயனும் விளையவில்லை. அது பெட்டியில் அடைத்து விற்றவரின் பெயர். எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை காட்டிய இலக்கங்களே சிப்பைச் செய்தவர் இன்னாரெனத் தெரிவித்தன. அச்சிப்புக்குப் பாதி திறந்த இயக்கியொன்று இருந்தது. உட்கரு மூடிய பொருளாகவும், அதனைச் சுற்றிய ஓடு மூலநிரலாகவும் வழங்கப்பட்டிருந்தது. மாணவர் அதனைத் தொலைத்தொடர்பு நிலையமொன்றில் நெகிழ்தட்டிற் பதிந்து வந்தனர். தொகுத்து முடிக்க இரண்டு நாட்கள் சென்றன. அதன் பின்னரும் கேர்னல் அதனை ஏற்க மறுத்தது. வலிந்து ஏற்றும் வழியொன்று உண்டு. இளைஞரல்லவா, ஏற்றினர், கணினி உறைந்துபோயிற்று.

அன்று மாலை எம் மாணவரிடம் ஒன்றே ஒன்று கூறினோம்: திரையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பிழைச் செய்தி தோன்றியவுடன் அதனை மூடிவிட்டு மறுபடியும் முயலுதல் எம்மவர் பலரிடம் காணப்படும் வழக்கம். வாசித்தபோது, ஓடிக்கொண்டிருந்த கேர்னலின் பதிப்பிலக்கமும் இயக்கியைத் தொகுக்கப் பயன்பட்ட தலைப்புக் கோப்புகளின் பதிப்பிலக்கமும் கடைசி இலக்கத்தில் மாறுபட்டிருந்தமை புலனாயிற்று. பொருந்தும் கோப்புகள் லினக்ஸ் இறுவட்டிலேயே கிடந்தன. ஐந்தாம் நாள் இயக்கி ஏறிற்று. ஏறும்போதே, மூடிய நிரல் கலந்தமையாற் கேர்னல் மாசுற்றதென எச்சரிக்கையும் வந்தது. (வேறொரு சிப்புக்கு மூடிய இயக்கி விற்ற நிறுவனமொன்று, இவ்வெச்சரிக்கை தோன்றாதிருத்தற்பொருட்டுத் தன் உரிமக் குறிப்பிற் பொது உரிமத்தின் பெயரை எழுதி அதன் பின்னே ஒரு வெற்றெழுத்தை நுழைத்து, கேர்னலை அவ்வளவோடு வாசிப்பை நிறுத்தச் செய்தமை 2004 இல் வெளிப்பட்டது.)

அப்பாலும் இடர் தீரவில்லை. 'சுழற்றொலி இல்லை' என்றது மொடெம். தொலைபேசியைக் காதில் வைத்தால் ஒலி கேட்கின்றதே! அட்டை எதிர்பார்த்தது 350, 440 ஹேட்ஸ் இணைந்த அமெரிக்கச் சுரத்தை; எமது கம்பியில் எழுவது அதுவன்று. எக்ஸ் 3 என்னும் கட்டளையைச் சேர்த்தால் மொடெம் ஒலிக்குக் காத்திராது இலக்கத்தைச் சுழற்றும். அது சுழற்றிற்று, இணைந்தது. பக்கம் ஒன்றேனும் திறக்கவில்லை. முதலிலிருந்த வலையமைப்பு வழியே இயல்பு வழியாய் நின்றுகொண்டு செய்திகளையெல்லாம் அறைக்குள்ளேயே சுற்றவிட்டிருந்தது. அதனை நீக்கினோம். ஒன்பதாம் நாள் அந்தி வேளையில் முதற்பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது.

ஒன்பது நாட்களிற் பழுதென்று கண்டவை நான்கு. லினக்ஸின் குற்றமென்று அவற்றுள் எதனையும் கூறுதற்கில்லை. எல்லாவற்றிலும் கொடிது முதலாவது; அது அட்டையைச் செய்தவர் வேண்டுமென்றே வைத்த பூட்டு. ஏனைய மூன்றும் வாசித்தாற் கண்டுபிடிக்கக் கூடியவை, கண்டுபிடித்தாற் பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியவை.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே இத்தகையதொரு பிணக்கிற் பிறந்ததென்பதை மாணவர் அறிதல் நன்று. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்துக்குப் புதியதோர் அச்சுப்பொறி வந்தது. பழைய பொறியிற் கடதாசி சிக்கினால் உரியவருக்கு அறிவிக்குமாறு ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டபோது, எவர்க்கும் கொடுப்பதில்லையென வாக்களித்துவிட்டேன் என்று மறுத்துவிட்டார். 1983 இல் ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தமைக்கு அந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுதல்.

எம்மை மறுப்போர்க்கும் நியாயம் உண்டு. அவ்வொன்பது நாட்களும் கணினி அறை இணையமின்றிக் கிடந்தது. பல்கலைக்கழக விண்ணப்ப விவரம் பார்க்க வந்த மாணவனொருவன் வெறுங்கையோடு திரும்பினான். அவனிடம் மென்பொருட் சுதந்திரம் பேசுவது நகைப்புக்கிடமாகும். அதனை இன்றும் எண்ணி வருந்துகின்றோம். தொடர்த்துறையிற் செருகும் புறமொடெம் ஒன்றை முதல் நாளே கடன் வாங்கியிருப்பின், அவனது காரியமும் நடந்திருக்கும், எமது ஆராய்ச்சியும் தடைப்பட்டிராது. பின்னர் அவ்வாறே ஒன்றை வாங்கினோம். விலை சற்றுக் கூடுதல், ஏ.ரி. என்றதும் ஓ.கே. என்றது.

தொலைபேசி மொடெம் இன்று வழக்கொழிந்தது. றவுட்டரை ஈதர்நெட் கம்பியால் இணைப்போர்க்கு அதற்கெனத் தனி இயக்கி தேவையில்லை. எனினும் பூட்டு இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. யு.எஸ்.பி. டொங்கிள்கள் பல, செருகியவுடன் வின்டோஸ் இயக்கி அடங்கிய இறுவட்டாகத் தம்மைக் காட்டிக்கொண்டன. மொடெமாக மாற்றுதற்கு வேறொரு செய்நிரல் வேண்டியிருந்தது. வைஃபை அட்டைகள் பலவும் மூடிய உள்நிரலின்றி இயங்கா. தெபியன் அமைப்பினர் நெடுங்காலம் அத்தகைய உள்நிரல்களைத் தம் நிறுவல் இறுவட்டிற் சேர்க்காதிருந்து, 2022 இல் வாக்கெடுத்து, 2023 இல் வெளியான 12 ஆம் பதிப்பிலிருந்து சேர்க்கலாயினர். அவர்களை நாம் குறைகூறோம். எமது புறமொடெமும் அத்தகையதே.

ஆகவே சங்கத்தாருக்கு எமது வேண்டுகோள் இது. விலைமனுக் கோரும்போது, வைஃபை அட்டை முதல் அச்சுப்பொறி வரை ஒவ்வொன்றும் லினக்ஸிலேயே அடங்கிய இயக்கியால் இயங்குமா என வினவும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்க. பொருளை ஒப்புக்கொள்ளுமுன் லினக்ஸ் இறுவட்டொன்றை இட்டு மாணவரைக் கொண்டே சோதிக்கச் செய்க. ஒரு முற்பகல் போதும். பழைய அட்டை இன்னும் ஆய்வுகூட அலுமாரியின் இரண்டாந் தட்டில், மாணவர் கையால் எழுதிய ஒன்பது நாட் குறிப்பேட்டோடு இருக்கின்றது. பார்க்க விரும்புவோர் திறப்பை அலுவலகத்திற் பெற்றுக்கொள்ளலாம்.