மலிவு என்பதால் மதிப்பிழந்த மருந்து

உலகில் ஐந்து வயது நிறையாத குழந்தைகளுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,40,000 பேர் வயிற்றுப்போக்கினால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நாள் ஒன்றுக்கு 1,200 பிஞ்சு உயிர்கள். இச்செய்தியைப் படிக்கும் நாம் பெருமூச்செறிகிறோம், வறுமை என்கிறோம், விதி என்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆயின் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இறந்த அக்குழந்தைகளுள் எத்தனை பேருக்கு, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர் உரிய வேளையில் ஊட்டப்பட்டது?

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் பலரைக் கொல்வது நோய்க் கிருமி நேரடியாகச் செய்யும் கேடன்று. உடலிலிருந்து வெளியேறிய நீரும் உப்பும் திரும்ப வந்து சேராமையே ஆகும். கண் குழி விழுகிறது, நா வறள்கிறது, அழுதால் கண்ணீர் வருவதில்லை, சில மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிடுகிறது. போன நீரை ஈடு செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக் கொள்கின்றனர். இதனை அறிந்தும் இறக்க விடுவதை விதி என்று சொல்லுதல் தகுமா?

இம்மருந்தின் வரலாற்றை நம் தாய்மார்கள் அறிந்திருத்தல் வேண்டும். குடலில் சர்க்கரை உட்புகும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்புச் சென்ற வழியே நீரும் செல்கிறது. 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் பிராக் நகரில் இவ்வுண்மைக்கு விளக்கம் அளித்தார். வாந்திபேதியால் குடல் நோயுற்றுக் கிடக்கும் வேளையிலும் இவ்வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரை உடல் ஏற்க மறுக்கலாம்; உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரை ஏற்றுக் கொள்கிறது. 1968இல் டாக்கா நகரின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் இதனை நோயாளிகளிடத்தே மெய்ப்பித்துக் காட்டினர்.

பெரும் சோதனை 1971இல் வந்தது. வங்காள தேச விடுதலைப் போரில் வீடிழந்து எல்லை கடந்து வந்த மக்கள் மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் குவிந்தனர். காலரா பரவிற்று. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநோபிஸ் அவர்கள் உப்பும் சோடா உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினரையே ஊட்டச் செய்தார். தேர்ந்த செவிலியர் இல்லை. ஊட்டியவர்கள் தாய்மாரும் தமக்கைமாரும்தாம். 30 விழுக்காட்டளவு இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. 1978இல் லான்செட் என்னும் மருத்துவ ஏடு, இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இதுவே அமையக்கூடும் என்று தலையங்கம் தீட்டியது.

இத்துணைப் பெருமை பெற்ற மருந்து மக்களிடத்தே எளிதில் மதிப்புப் பெற்றதா? இல்லை. இங்குதான் நாம் பாடம் கற்க வேண்டியிருக்கிறது.

1980இல் வங்காள தேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், பஸ்லே ஹசன் ஆபித் அவர்களின் தலைமையில், வீடு வீடாகச் சென்று இக்கரைசலைக் கற்பிக்கத் தொடங்கிற்று. அரை லிட்டர் நீர், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம். எழுத்தறியாத தாயும் நினைவில் கொள்ளத்தக்க பாடம். தாய் எந்த அளவு சரியாகக் கற்றுக் கொண்டாளோ அந்த அளவுக்கே கற்பித்த பெண்ணுக்கு ஊதியம். தாய்மார்கள் நன்றாகவே கற்றனர். ஆயினும் குழந்தை நோயுற்றபோது அவர்களுள் மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தனர். ஏன் என்று ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. கற்பித்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தமக்கு நோய் வந்தால் வேறு மருந்தை நாடினர். மற்றொன்று, வீட்டு ஆடவரிடம் எவரும் இதைப் பேசவேயில்லை.

உடனே வழியை மாற்றினர். கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கற்பிப்போருக்கு முதலில் விளக்கினர். ஆடவர் கூடும் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் சென்று பேசினர். 1990க்குள் ஒரு கோடியே 20 லட்சம் வீடுகளுக்குச் செய்தி சென்று சேர்ந்தது. இன்று அந்நாட்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இக்கரைசலைப் பெறுகின்றனர். பொருள் வளத்தில் உயர்ந்த நாடுகள் பலவும் அடையாத நிலை இது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 61 விழுக்காட்டினருக்கே ஓ.ஆர்.எஸ். கரைசல் கிடைத்தது. உடன் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரை கிடைத்தவர்கள் 31 விழுக்காட்டினரே. பன்காவ் முகாம் இருந்த நாட்டின் நிலை இது!

கரைசல் கிடைக்கவில்லையா? விலை மிகுதியா? அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகத் தருகின்றனர். கடையில் வாங்கினாலும் ஒரு பொட்டலம் ஒரு வேளைத் தேநீர்ச் செலவுதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2024இல் சயன்ஸ் ஏட்டில் வெளியான ஆய்வொன்று அதனைத் தெளிவாகக் காட்டிற்று. கர்நாடகத்திலும் பீகாரிலும் தனியார் மருத்துவம் செய்வோர் 2,000 பேருக்கு மேற்பட்டோரிடம், நோயுற்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெற்றோர் போல் ஆட்களை அனுப்பி ஆராய்ந்தனர். கரைசல் எழுதித் தரப்படாமைக்குச் சரக்கில்லாமை 6 விழுக்காடும், லாப நோக்கம் 5 விழுக்காடும் காரணமாயிருந்தன. பெற்றோர் இதனை விரும்பமாட்டார்கள் என்று மருத்துவம் செய்வோர் கொண்டிருந்த தவறான எண்ணமோ 42 விழுக்காட்டுக்குக் காரணமாயிற்று. வந்தவர்கள் தமக்குக் கரைசலே விருப்பம் என்று குறிப்புக் காட்டியபோது, அதை எழுதித் தருவது 27 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது.

இதன் பொருள் என்ன? மருத்துவர் நம் முகத்தைப் பார்க்கிறார். வெறும் உப்புத் தண்ணீரைச் சொன்னால் ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று நாம் முகம் சுளிப்போம் என அஞ்சுகிறார். எனவே தேவையற்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை எழுதுகிறார், ஊசியை எடுக்கிறார். நாமோ, மருத்துவர் தந்ததே உயர்ந்தது என்று வாய் மூடி வாங்கி வருகிறோம். இருவரும் ஒருவரையொருவர் தவறாக எண்ணிக் கொண்டிருக்க, இடையில் குழந்தை வாடுகிறது. இப்பழியை மருத்துவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கை கழுவிவிட முடியுமா? கிளினிக்கில் ‘ஒரு டிரிப் ஏற்றுங்கள், டாக்டர்’ என்று கேட்கின்ற வாப்பாமார்களை நாம் கண்டதில்லையா? செலவு செய்தால்தான் பாசம் என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்போது புகுந்தது?

மலிவை இகழும் இம்மனத்தை வணிகரும் நன்கு அறிந்து கொண்டனர். வண்ணப் பெட்டிகளில் இனிப்புப் பானங்களை அடைத்து, பெயரோடு ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் எழுத்துகளையும் ஒட்டி விற்றனர். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் உணவுப் பானங்களின் பெயரில் அவ்வெழுத்துகள் இடம்பெறுதல் கூடாதென ஆணையிட்டது. ஆணை வந்ததோடு ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதலாகாது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் நம் கடமை.

நம் வீடுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. குழந்தைக்கு வயிறு போனால் ‘வயிற்றைக் காயப் போடு’ என்பார்கள். தண்ணீரை நிறுத்துவார்கள், சோற்றை நிறுத்துவார்கள், சில வீடுகளில் தாய்ப்பாலையும் நிறுத்துவார்கள். வற்றிக் கொண்டிருக்கும் குளத்துக்கு வரும் வாய்க்காலை அடைப்பது போன்றது இது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் ஐயமில்லை. தண்ணீர் ஓதிக் கொடுப்பதையும் நாம் தடுக்கவில்லை. ஓதிய நீரைப் பரிவோடு புகட்டும் கை, கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தயங்குவானேன்?

‘சுத்தமான குடிநீரும் கழிப்பிடமும் தராமல் உப்புக் கரைசலைப் பேசுவது ஏமாற்று’ என்று சிலர் வாதிக்கின்றனர். குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும். அவற்றுக்காக அரசிடம் உரிமையோடு வாதாடுவோம். ஆனால் குழாய் வந்து சேரும்வரை இன்றிரவு நோயுற்ற குழந்தை காத்திருக்க இயலாது.

எனவே செய்ய வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறோம். வீட்டில் எப்போதும் இரண்டு பொட்டலங்கள் இருக்கட்டும். பொட்டலத்தில் குறித்த அளவு தூய நீரில் முழுவதையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுதல் ஆபத்து. சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிந்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். டிரிப் அங்குதான் தேவை, அப்போதுதான் தேவை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். வங்காள தேசத்துப் பள்ளிவாசல்களில் ஆடவரிடம் பேசப்பட்ட இப்பொருள் நம் மஹல்லாக்களில் பேசத் தகாததா? கோடை தொடங்கும் முன்னே ஒரு ஜும்ஆவின் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர் மருத்துவர் ஒருவரை அழைத்து, ஒரு லிட்டர் நீரையும் ஒரு பொட்டலத்தையும் வைத்துக் கொண்டு அனைவர் முன்னிலையிலும் கலந்து காட்டச் சொல்லுங்கள். வாப்பாமார்கள் அதைக் கண்ணால் பார்க்கட்டும். அடுத்த முறை பிள்ளையைத் தூக்கிக் கொண்டு மருத்துவரிடம் செல்கையில், ‘ஊசி வேண்டாம், கரைசலும் துத்தநாகமும் போதுமா?’ என்று அவர்களே முதலில் கேட்கட்டும்.