திசைவேகம்

கிழக்கேகோட்டையில் தமிழ் பேசியே ஒரு நாளை ஓட்டிவிடலாம். பக்கத்துச் சாலைக் கடைவீதியில் நெல்லைத் தமிழும் நாஞ்சில் தமிழும் மலையாளத்தோடு தோள் உரசிக்கொண்டு நடக்கின்றன. அங்கே பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் சென்ற மாதம் தன் மகனை என்னிடம் அனுப்பினார். பையனுக்கு 17 வயது. கையில் நான்கு பக்க ஆங்கிலக் காகிதம். "அப்பாவுக்குப் புரியற மாதிரி தமிழ்ல எழுதித் தாங்க மாமா" என்றான். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது புதிதல்ல. பேரனின் விசா கடிதம் முதல் வாஷிங் மெஷின் வாரண்டி வரை வந்திருக்கின்றன.

இது ஏர் ரைஃபிள் சமாசாரம். பிறந்த நாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கி. மொட்டை மாடியில் சிரட்டைகளை வரிசையாக வைத்துச் சுட்டுவந்தான். குண்டு படுகிறது, சிரட்டை உடையவில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றிக் கனமானதைப் போட்டால் வேகம் கூடும் என்றது காகிதம். பணம் கொடுப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினார் அப்பா. வியாபாரி அல்லவா?

முதல் வரியிலேயே தடுக்கிவிட்டது. 'வெலாசிட்டி' என்பதற்கு 'வேகம்' என்று எழுதி, பிறகு அடித்தேன். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் அதைத் 'திசைவேகம்' என்கிறது. எவ்வளவு விரைவு என்பதோடு, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்கும் சொல். காகிதத்தில் இருந்ததெல்லாம் வேகம்தான். திசையைப் பற்றி ஒரு வரி இல்லை.

திசைதான் முதலில் அடிவாங்கும். இந்த வகைத் துப்பாக்கியில் குழலை மடக்கும்போது ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டனைப் பின்னால் நிறுத்துகிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடும். ஸ்பிரிங் கனமானால் உதறலும் கூடும். வாஷர் சீக்கிரம் தேயும். ஈயக் குண்டு பார்ப்பதற்கு உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, நெருங்கும்போது அது தள்ளாடிக் குறி தவறும்.

இந்த விளையாட்டின் கெட்டிக்காரர்கள் வேகத்தைத் தேடிப் போவதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் குண்டு நொடிக்குச் சுமார் 175 மீட்டர்தான் போகும். இலக்கின் நடுப்புள்ளியோ வெறும் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான்.

கோட்டைக்குள்ளும் ஓர் உதாரணம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் பள்ளிவேட்டை நடக்கும். மேளதாளம் இல்லாமல் ஊர்வலம் போகும். அரச குடும்பத்தின் தலைவர் வில்லெடுத்து ஓர் இளநீரின் மேல் அம்பு எய்வார். பட்டதா என்றுதான் கூட்டம் பார்க்கும். எத்தனை வேகத்தில் போனது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சட்டம் கேட்கும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, ஏர் ரைஃபிளின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழலின் துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிடும் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. அரை கிராம் குண்டு நொடிக்கு 283 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் வந்துவிடும். காலையில் விளையாட்டுச் சாமானாக இருந்தது மாலையில் உரிமம் இல்லாத ஆயுதம்.

விளையாட்டுச் சாமான் என்பதும் நாம் சொல்லிக்கொள்வதுதான். 1780-களிலேயே ஆஸ்திரிய ராணுவத்திடம் காற்றால் சுடும் துப்பாக்கி இருந்தது. அருணாசலப் பிரதேசத்தில் ஏர் கன்களால் காட்டில் பறவைச் சத்தமே குறைகிறது என்று கவலைப்பட்டு, 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்து லும்டுங் கிராமத்தில் அவற்றை ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவை எல்லாம் சாதாரண ஸ்பிரிங் போட்டவையாகவே இருந்திருந்தாலும் பறவைக்கு அது போதும்.

மொழிபெயர்ப்பாளன் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது தொழில் தர்மம். அதை மீறி, கடைசியில் இவற்றையெல்லாம் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நண்பர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவிக்கு வலது கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரி. முந்தின நாள் மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். குண்டு தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் பட்டுத் திரும்பியிருக்கிறது. இரண்டு தையல். அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண்.

"பழைய ஸ்பிரிங்குக்கே இது சார்" என்றார் நண்பர். நான் கொண்டுபோன காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. துப்பாக்கி பரணுக்குப் போயிருந்தது.

பையன் திண்ணை ஓரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய துப்பாக்கிச் சுடும் தளம் இருப்பதைச் சொன்னேன். போய்ப் பார்க்கலாம், சுவர் எங்கே, ஆள் எங்கே நிற்பது என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருப்பார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "அங்க எவ்வளவு வேகம் மாமா?"

"உன்னோடதைவிடக் குறைவாத்தான் இருக்கும்."

அவன் முகம் வாடியது. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அப்பா வாங்காத காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.